அணைக்கரைக்கு ஒரு டாக்சி

வெளிநாட்டார் டாக்சிக்காரரிடம் வழி சொல்ல மொழிபெயர்த்து உதவுவது தென்கொரியாவின் ஆண்டோங் ரயில் நிலையத்தில் ஓக்ஜாவின் வேலை. அன்று இங்கர் வந்தாள். கைக்குழந்தையாக டென்மார்க்குக்குத் தத்துப் போனவள். கொரிய மொழி தெரியாது. பெற்றவளின் ஊருக்குப் போகவேண்டுமாம்.

“அந்த ஊரு அணைத் தண்ணிக்குள்ள போயி எவ்வளவோ வருஷமாச்சேக்கா,” என்றார் டிரைவர்.

“கரை வரைக்குமாவது கூட்டிட்டுப் போ தம்பி.”

கரையிலிருந்து இங்கர் போன் செய்தாள். “என் முகம் மாதிரியே ஒரு அம்மா நிக்கிறாங்க! என்ன சொல்றாங்க?”

ஓக்ஜாவுக்குப் போனில் அந்தப் பெண்குரல் தெளிவாகக் கேட்டது. “வேண்டாம்னுதானே குடுத்தேன்? எதுக்குடி வந்தே?”

அதைச் சொல்ல ஓக்ஜாவுக்கு மனம் வரவில்லை. “சாப்பிட்டியான்னு கேக்குறாங்க,” என்றாள்.

இங்கர் தேம்பினாள். “இல்லம்மா, இதோ வர்றேன்.”

தண்ணீரில் காலடிச் சத்தம் கேட்டது. “அங்க யாருமே இல்ல, நில்லும்மா!” என்று டிரைவர் கத்திக்கொண்டே இருந்தார், கொரிய மொழியில்.