புலிக்குப் பொருந்தாத பிடி

"இது என்னங்க, பொம்மைக் கத்தியா?"

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சத்தம் போட்டார் காட்டுப்புலி.

அது அவர் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். காட்டில் கூடாரம் அடித்து, விறகு பிளந்து, தீ மூட்டுவதைப் படமெடுத்துப் போடுவார். விறகு பிளக்கும்போது கத்தியும் விறகும் மட்டும் கிட்டத்தில் தெரியும். கூடவே அவர் குரல் கர்ஜிக்கும். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம்.

தலையில் தொப்பி, கழுத்தில் விசில், உடம்பெல்லாம் பை வைத்த சட்டை. வலது கையில் வெட்டுக்கத்தி, இடது கையில் போன். பின்னால் வந்த மனைவி, இரண்டு தோளிலும் மூட்டைகளோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கத்தி செய்பவர் சாணையை நிறுத்திவிட்டு எழுந்தார். "என்ன சார், கூர் போதலையா?"

"கூருக்கு என்ன, சவரமே பண்ணலாம். பிடியைப் பாருங்க. மூணு விரல்தான் உள்ளே போகுது. சுண்டு விரல் அனாதையா வெளியே தொங்குது!"

தொங்கத்தான் செய்தது.

இந்தப் பட்டறையில் பிடி போடுவதற்கென்று ஒரு முறை உண்டு. ஆர்டர் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு களிமண் உருளையும் ஒரு சீட்டும் போகும். உருளையை இறுக்கிப் பிடித்து, விரல் பதிந்த அச்சைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் மரத்தில் பிடி செதுக்குவார். சுவர் அலமாரி நிறைய அச்சுகள். பிடித்தவர்கள் போய்விட்டார்கள், பிடிப்பு மட்டும் மிச்சம் என்பதுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அச்சுல இருந்தபடிதானே சார் செதுக்கினேன்?"

"அப்போ அது என் அச்சே இல்லை. நானே அழுத்தினேன், இதோ இந்தக் கையால. அன்னைக்கே அனுப்பச் சொல்லி வீட்டுல கொடுத்தேன். நீங்கதான் வேற யாரோடதோ மாத்திட்டீங்க!"

மூலையில் தோல் உறை தைத்துக்கொண்டிருந்த கத்தி செய்பவரின் தங்கை ஊசியை நிறுத்தினாள்.

"பேர் ஒட்டினது நீங்கதானே அண்ணே? நேத்துகூடக் கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூராத் தேடினீங்க. நானும் கூடச் சேர்ந்து தேடினேன், அது வேற விஷயம்."

"நீ கொஞ்சம் சும்மா இரு, தாயே."

அச்சை எடுத்து வந்தார். காட்டுப்புலி என்றுதான் பேர் ஒட்டியிருந்தது. காட்டுப்புலி அதைப் பிடித்துப் பார்த்தார். யானை முக்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"பிடியில இந்தக் குழி வேற எதுக்கு?"

"அச்சுல உள்ளங்கைக் காய்ப்பு தெரிஞ்சது சார். உறுத்தாம இருக்கட்டுமேன்னு இடம் விட்டேன். வருஷக்கணக்கா விறகு வெட்டுற கை, பாவம்னு நினைச்சேன்."

காட்டுப்புலி தன் உள்ளங்கையைப் பார்த்தார். பஞ்சு மாதிரி இருந்தது. சட்டென்று மூடிக்கொண்டார்.

"அதெல்லாம் விடுங்க. நாளைக்கு எங்க கேம்ப். இருபது பேர் வர்றாங்க. புலியோட புதுக் கத்தின்னு தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கேன். இப்பவே நேரலை போடறேன். 'அச்சை மாத்திட்டேன், என் தப்பு'ன்னு உங்க வாயால சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா அப்புறம் யார் சார் என்னை நம்பி அச்சு அனுப்புவாங்க?"

"அது உங்க பாடு. நண்பர்களே, வணக்கம்! நான் உங்கள் காட்டுப்புலி..."

பிறகு போன் கத்தி செய்பவரின் முகத்துக்கு நேரே திரும்பியது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். இருபது வருடத்தில் ஒரு பிடி தவறியதில்லை. ஆனால் நேற்று கண்ணாடி நெற்றியில் இருந்ததும் பொய்யில்லையே.

தங்கை எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கேலி பேசிய முகம் வாடியிருந்தது. "சொல்லாதீங்க அண்ணே."

"பரவாயில்லம்மா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம். இப்பல்லாம் எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லை. இந்தத் தப்பு..."

குறுக்கே ஒரு கை வந்து போனை வாங்கி அணைத்தது.

மனைவி. மூட்டைகளை வாசலில் இறக்கி வைத்திருந்தாள்.

"ஏய், என்ன பண்றே? ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு!"

"அதனாலதான் அணைச்சேன்."

கணவரிடமிருந்து கத்தியையும் வாங்கிக்கொண்டாள். ஓரத்தில், கத்தியைச் சோதித்துப் பார்க்கிற கட்டைமேல் ஒரு விறகை நிறுத்தினாள்.

ஒரே போடு.

விறகு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உருண்டுபோய்க் காட்டுப்புலியின் பூட்ஸில் முட்டி நின்றது. பிடி அவள் கைக்குள் அப்படியே அடங்கியிருந்தது. சுண்டு விரலுக்கும் வீடு கிடைத்திருந்தது.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லை அண்ணே. இவர் அழுத்திக் கொடுத்ததைப் பிசைஞ்சு உருட்டிட்டு, நான்தான் திரும்ப அழுத்தி அனுப்பினேன்."

"ஏம்மா அப்படி?"

"நீங்க அனுப்பின சீட்டுல அப்படித்தானே போட்டிருந்தது? 'இந்தக் கத்தியால் வெட்டப்போகும் கை எதுவோ, அந்தக் கையால் அழுத்தவும்'னு."

பிறகு போனை எடுத்து, கணவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"பாருங்க, இது உங்க கைக்கு எவ்வளவு கச்சிதமா இருக்கு!"