நான்கு சொற்கள்

பக்கவாதம் மெண்டலின் ஆங்கிலத்தைத் துடைத்தெடுத்துவிட்டது. பிறந்த ஊர் யூதர்களின் யித்திஷ் மட்டும் மிஞ்சியது. பையன் அமெரிக்கனாக வளரட்டும் என்று அவரே கற்றுத்தராமல் விட்ட மொழி. மகன் லெஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலம் அதிலிருந்து பொறுக்கிக்கொண்ட சொற்கள்தான்: நாஷ், கிளட்ஸ், ஷ்மக், பேகல். நொறுக்குத்தீனி, தத்தி, மடையன், வளைய ரொட்டி. தின்பதற்கும் திட்டுவதற்கும் ஆனவை. அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம்தான் சார். ஏதாவது பதில் சொல்லுங்க” என்றாள் நர்ஸ்.

லெஸ்டர் குனிந்து, வசவுகளைக்கூட விடாமல், ஒவ்வொன்றாக அவர் காதில் கெஞ்சுவதுபோலச் சொன்னான். கடைசியில் “பேகல்” என்றான். அப்பா கேட்பதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.