மை விழாத மயிரிழை

பதினோரு வருஷம் பள்ளிக்கூடச் சுற்றறிக்கைகளை அச்சடித்த எல்இடி பிரிண்டருக்கு, ரெஜினாவின் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றும் புரியவில்லை. வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யும் அவள், காகிதத்துக்குப் பதில் செம்பு பூசிய மெல்லிய தகட்டை நுழைத்தாள். எழுத்தே இல்லை, எல்லாம் கரண்டு ஓட வேண்டிய கோடுகள். பிறகு தகட்டை அமிலத்தில் முக்கி, மை மூடாத செம்பைக் கரைத்தாள். பல்பைப் பொருத்தினாள். எரியவில்லை.

"மை எங்கே விழவேண்டும் என்று உனக்குள்ளே குறிக்கும் குட்டி விளக்குகளில் ஒன்று, ஒரு எல்இடி, செத்துவிட்டது" என்றது தகடு. "நடுவில் மயிரிழை அளவுக்கு மை விழவில்லை. அங்கே என் செம்பும் போய்விட்டது."

"காகிதத்தில் யாரும் குறை சொன்னதில்லையே?"

"விட்டுப்போனதை அவர்களே சேர்த்துப் படித்திருப்பார்கள். கரண்டுக்குப் படிக்கத் தெரியாது."

பிரிண்டர் குழம்பிப்போய், தன் தட்டிலேயே தங்கிவிட்ட பழைய சுற்றறிக்கையிடம் கேட்டது: "மை விழாத அந்த வெள்ளைக் கோடு எத்தனை வருஷமாக விழுகிறது?"

சுற்றறிக்கை தன் மேலிருந்த பழைய தேதியையும் அதற்குக் கீழே ஓடிய வெள்ளைக் கோட்டையும் காட்டியது.