குறுக்கே வந்த சாக்ஸபோன்

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், மறைக்குது” என்று முதல் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

சாக்ஸபோன்காரர் காதில் வாங்கவே இல்லை. கன்னம் இரண்டும் உப்ப, இன்னும் பலமாக ஊதினார்.

அவருக்குப் பின்னால் நிற்பது மாஸ்டரின் மனைவி. மேடை ஏறி முதல் முறையாகக் கவிதை சொல்ல வந்தவள்.

தெருமுனைப் புத்தகக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் ஜாஸும் கவிதையும் சேர்ந்தே நடக்கும். கடையைக் குறுக்கே பிரிக்கிற உயரமான அலமாரிதான் மேடைக்குப் பின்திரை. ஒருவர் கவிதை சொல்ல, பக்கத்தில் டிரம்ஸும் கிடாரும் சாக்ஸபோனும் மெல்லக் கூடவே வரும். வாசல் வரை கூட்டம் நெருக்கியடிக்கும்.

கடைக்காரருக்கு ஒரே சட்டம்தான். கையில் காகிதம் கூடாது, போனும் கூடாது. “பாத்துப் படிக்கிறதுன்னா வீட்லயே படிச்சுக்கலாம். இங்க மனசுலேர்ந்து வரணும்” என்பார். போன வாரம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்த ஒரு வக்கீலைப் பாதியிலேயே கீழே இறக்கிவிட்டார். அத்தனை கறார்.

மாஸ்டரின் மனைவிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாமல் எழுதி எழுதி வைத்தவள். பேர் கொடுக்கும்போது, எல்லோரையும் போல, இந்தக் கவிதைக்கு ஒரு பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்ததோடு சரி. “இன்னைக்குச் சொதப்பினேன்னா இனிமே பேனாவையே தொட மாட்டேங்க” என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

அவளை விட மாஸ்டருக்குத்தான் பரபரப்பு. மச்சினன், மச்சினன் பெண்டாட்டி, கீழ்வீட்டுக்காரர் என்று எல்லோரையும் இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். போனில் படம் எடுக்க இரண்டு கையையும் தூக்கிப் பிடித்திருந்தார்.

ஆரம்பம் பிரமாதம்.

“காத்திருப்போர் அறையில்
எல்லோரும் வாயை மூடியிருக்கிறார்கள்.
உள்ளே போனதும்
திறக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தும்.”

கூட்டம் சிரித்தது. மச்சினன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“டோக்கன் கொடுக்கும் நான் மட்டும்...” என்று அழகாக ஒரு நிறுத்தம் விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மனிதர் எழுந்தார். நேராக அவளுக்கு முன்னால் வந்து, கதவு மாதிரி நின்றுகொண்டு, ஊத ஆரம்பித்தார். டிரம்ஸ்காரரும் சேர்ந்துகொண்டு விளாசினார். மனைவியின் தலைமுடிகூடத் தெரியவில்லை.

“இண்டிகேட்டர் கூடப் போடாம குறுக்க வந்துட்டான் பாருங்க” என்றார் மாஸ்டர் கீழ்வீட்டுக்காரரிடம்.

“கைதட்டல் அவங்களுக்குப் போகுதேன்னு பொறாமை” என்றார் அவர்.

முறையிடலாம் என்று மாஸ்டர் கடைக்காரரைத் தேடினார். அதுவரை கல்லா ஓரம் நின்ற மனிதரை இப்போது பார்த்துக் காணோம்.

ஒருவழியாக ஊதி முடித்துச் சாக்ஸபோன்காரர் விலகினார். மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“டோக்கன் கொடுக்கும் நான் மட்டும்
நாளெல்லாம் சிரிக்கிறேன்.
வீட்டுக்குப் போனதும்
அந்தச் சிரிப்பைக் கழற்றி
டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்கிறேன்.”

கைதட்டலில் கடையே அதிர்ந்தது. மச்சினன் எழுந்து நின்று தட்டினான். மாஸ்டரும் தட்டினார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் நேராகப் போய் சாக்ஸபோன்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் சார், ஒரு பொம்பள முதல் முதலா மேடை ஏறியிருக்கா. நடுவுல பூந்து மறைச்சிட்டு நிக்கறீங்களே, நாகரிகமா இது?”

சாக்ஸபோன்காரர் தலையைச் சொறிந்தார். “தப்புதாங்க. ஊத ஆரம்பிச்சா எனக்கு நிதானம் இருக்கறதில்ல.”

அதற்குள் கடைக்காரர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் தூசி.

“எங்க சார் போனீங்க? உங்க ஆளு பண்ணினதைப் பாத்தீங்களா?”

“பின்னால ஒரு சின்ன வேலை” என்றவர், சாக்ஸபோன்காரரை முறைத்தார். “எத்தனை தடவை சொன்னாலும் திருந்த மாட்டான் சார் இவன். நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

அந்த மட்டும் திருப்தியோடு மாஸ்டர் வெளியே வந்தார். தெருவில் மனைவி கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

“நல்லா கேட்டுட்டு வந்தேன் அந்த ஆளை. கடைக்காரரும் சேர்ந்து திட்டினாரு” என்றார் பெருமையாக.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஐயையோ, அவரையா?”

“பின்ன? அவ்வளவு அழகா நிறுத்தினே, அதுல வந்து...”

“நிறுத்தலைங்க. மறந்துட்டேன்” என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. “கண்ணெல்லாம் இருட்டிடுச்சு. இறங்கி ஓடிடலாம்னு திரும்பினேன். அவர் அதைப் பாத்துட்டுத்தான் முன்னால வந்து நின்னாரு, என்னை யாரும் பாக்கக் கூடாதுன்னு. அவ்வளவு சத்தமா ஊதினதும், எனக்குப் பின்னாலேர்ந்து வர்ற குரல் உங்க யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான்.”

“பின்னாலேர்ந்து குரலா? அங்க வெறும் அலமாரிதானே இருந்தது?”

“அந்தப் பக்கமா ரெண்டு புத்தகத்தை உருவிட்டு, சந்து வழியா என் காதுல மிச்சக் கவிதையை ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுத்தாருங்க, காகிதமே கூடாதுன்னு சட்டம் போட்ட அந்த மனுஷன்.”