வெள்ளிக்கிழமைக் கருவாடு

"வெள்ளிக்கிழமையும் கருவாடு பொரிக்கிறாள் அண்ணை. அதுவும் உங்கட வீட்டில! எப்பிடிப் பொறுக்கிறியள்?"

லண்டன் கிங்ஸ்பரியில் தியாகராஜாவின் பழைய வீட்டுக்கு அடுத்த வீடு கலாவதியுடையது. நடுவில் ஒரு சுவர்தான். கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்று நினைத்தாள்.

தியாகராஜா கோயில் கமிட்டித் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு. இருபது வருஷமாகச் சைவம்.

"பாவம் பிள்ளை. அகதிக் கேஸ் முடியாத பொம்பிளை. அவளின்ட சாப்பாட்டிலயும் நாங்கள் கை வைக்கிறதே?"

"நீங்கள் பெரிய மனுசன் அண்ணை. நானெண்டா எப்பவோ கலைச்சிருப்பன்."

அவர் இப்போது மகனோடு வெம்பிளியில் இருக்கிறார். பழைய வீட்டை அந்தக் கருவாடு பொரிக்கிற சிவமலருக்கு இருக்கக் கொடுத்துவிட்டு, கூரைக்கடியில் இருந்த லொஃப்டை மட்டும் சாமி அறையாக வைத்துக்கொண்டார். காலையும் மாலையும் வந்து மேலே ஏறுவார். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். விளக்குப் பூசையாம். மீன் மச்சம் சமைக்கிற கை அந்தக் கதவைத் தொடக்கூடாது என்பது கட்டளை.

சிவமலருக்கு அதில் குறையில்லை. ஹோம் ஒபிஸ் கடிதம் வர அவளுக்கு ஒரு விலாசம் வேண்டியிருந்தது. அதற்கென்று அவர் நீட்டிய இங்கிலிஷ் பேப்பரில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். கேஸ் சரிவந்தால்தான் கொழும்பில் தங்கச்சியோடு விட்டுவந்த மகளைக் கூப்பிடலாம். மகளுக்கு ஏழு வயது.

நாற்றம் தாங்கவில்லை என்று மற்றப் பக்கத்து வெள்ளைக்காரர் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதிப் போட, 1994 பெப்ரவரியில் ஒரு காலை கவுன்சில் ஆள் வந்து நின்றான். கலாவதிதான் மொழிபெயர்ப்பு. தபாற்கந்தோரில் வேலை, இங்கிலிஷ் தண்ணீர் பட்ட பாடு.

"நாத்தம் எண்டு சொல்லவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றாள் சிவமலர். "சாமி இருக்கிற வீடு. வேணுமெண்டாக் கூரையைப் பாக்கச் சொல்லுங்கோ. தெரு முழுக்கப் பனி. எங்கட கூரையில ஒரு பொட்டும் தங்கேல்லை. எல்லாம் சாமியின்ட சக்தி."

கலாவதி அதை அப்படியே சொன்னாள், கொஞ்சம் பக்தியோடு.

அவன் அண்ணாந்து பார்த்தான். கனநேரம் பார்த்தான்.

அடுத்த நாள் பொலிஸ் வந்து லொஃப்ட் கதவை உடைத்தது.

உள்ளே சாமி இல்லை. சுவரெல்லாம் வெள்ளித்தாள். மேலே, கூரைப் பனியை உருக்கிய கொதிக்கிற பல்புகள், ஒரு மூலையில் விசிறி. இடுப்பளவு உயரத்தில் அறுபது கஞ்சாச் செடிகள், தொட்டால் பிசினாய் ஒட்டுகிற பூக்களோடு.

பொலிஸ்காரர் வகுப்பெடுக்கிற மாதிரி விளக்கினார். ஸ்கங்க் என்று பெயர். சூட்டு நாட்டு நெட்டைச் செடியையும் மலைநாட்டுக் குட்டைச் செடியையும் கலந்து எடுத்த இனம். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. இப்படிக் கொடுத்தால் ஒன்பது கிழமையில் பூ முற்றிவிடும். இழுத்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு கை கால் கனத்துப் போகும். கூடினால் நிழலைக் கண்டும் பயப்படுவார்கள். ஒரே ஒரு கரைச்சல், அதன் நாற்றம் மூன்று வீட்டுக்கு அடிக்கும்.

"அதை மறைக்க அதைவிடப் பெரிய நாற்றம் ஒன்று வேண்டும்," என்றார்.

எல்லாரும் அடுப்பில் கருவாடு பொரிகிற தாச்சியைப் பார்த்தார்கள்.

தியாகராஜா கண் கலங்கி வந்து சேர்ந்தார். "எனக்கொண்டும் தெரியாது. லொஃப்டும் சேத்து முழு வீட்டையும் அவவுக்கு வாடகைக்கு விட்டாச்சு. இந்தா அவவின்ட கையெழுத்து."

பொலிஸ்காரர் கலாவதியிடம் திரும்பினார். "இந்தப் பெண் ஒவ்வொரு நாளும் மீன் பொரிக்கிறவரா?"

"ஒவ்வொரு நாளும். வெள்ளிக்கிழமையும்."

"வீட்டுக்காரர் மேலே போவதைக் கண்டிருக்கிறீர்களா?"

தியாகராஜா அவளையே பார்த்தார். அடுத்த மாதம் கலாவதியின் மகளுக்குக் கல்யாணம். கோயில் மண்டபம் அவர் ஒழுங்குபண்ணித் தந்தது.

"இல்லை," என்றாள்.

"அக்கா, என்ன கேக்கினம்? என்ன சொன்னனீங்கள்?"

கலாவதி அதை மொழிபெயர்க்கவில்லை.

கைதாகிப் போகிற சிவமலருக்கு மாற்றுடுப்பு எடுத்து வரக் கலாவதியிடம் சொன்னார்கள். குசினி வழியாகப் போன கலாவதி நின்றுவிட்டாள். குப்பைப் பை நிறையப் பொரித்த கருவாடு. ஒரு துண்டிலும் கடிபட்ட அடையாளம் இல்லை. உயரத் தட்டில், சீலைத் துண்டால் மூடிய சின்னப் பானையில் சோறும் பருப்பும் தனியாக இருந்தன.

பொலிஸ் கார் வாசலில் நின்றது. உடுப்பை நீட்டியபடியே கேட்டாள்.

"நீ கருவாடு தின்னிறேல்லையோ?"

"ஐயோ அக்கா, பிறந்ததிலயிருந்து நான் சைவம். வீட்டுக்கார ஐயாவின்ட செத்துப்போன மனிசிக்குக் கருவாடெண்டா உயிராம். அந்த வாசமாவது வீட்டில இருக்கட்டும், ஒவ்வொரு நாளும் பொரி எண்டவர். எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். பிள்ளையைக் கூப்பிடவேணுமே எண்டு பொரிச்சனான்."

கலாவதி திரும்பிப் பார்த்தாள். பொலிஸ்காரர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு சொல் போதும்.

"அவர் ஒவ்வொரு நாளும் மேல போறவர் எண்டு சொன்னனீங்கள்தானே அக்கா?"

"சொன்னனான்," என்றாள் கலாவதி.

சிவமலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் தியாகராஜா முதல் பிரசாதத்தைக் கலாவதியிடம் நீட்டினார்.

"இப்ப உங்கட பக்கம் கருவாட்டு மணம் இல்லைத்தானே பிள்ளை?"

அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இல்லை அண்ணை. இப்ப வலு சுத்தம்."