வந்த காலடி

அனுஜா முற்றத்து மணலில் கடைசிக் கட்டையையும் அடித்து இறுக்கியபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற இமெல்டாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலையில் சிவப்பு மை பூசிய கட்டைகள். கட்டைக்குக் கட்டை கயிறு. கயிற்றுக்கு உள்ளே ஒரேயொரு பூவாணம்.

கயிற்றுக்கு வெளியே, எண்ணெய் வைத்து முழுகிப் புதுச்சட்டை போட்ட அனுஜாவின் பிள்ளைகள் இரண்டும் நின்றார்கள். அவர்களோடு இமெல்டாவின் ஒரே மகள் ஜெனிஸ்ரா. ஆறு வயது. வேதக்காரப் பிள்ளை என்றாலும் அடுத்த வீட்டுத் தீபாவளியை அவள் விடுவதாக இல்லை.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

ஒரு வாளி தண்ணீர் வைத்தது சரி. பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை, காலுக்குச் செருப்பு, பின்னலை மடித்துக் கட்டியது, எல்லாம் சரி. கட்டையும் கயிறும் எதற்கு? தமிழ்நாட்டு அகதி முகாமில் தீபாவளிக்கு வாசலுக்கு வாசல் வெடி வெடிக்கும். ஒருவரும் கயிறு கட்டி இமெல்டா பார்த்ததில்லை.

வெள்ளாங்குளத்துக்கு வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. இனிப் பயமில்லை, வரலாம் என்று அதிகாரிகள் சொன்ன பிறகுதான் அப்பாவின் வளவுக்குத் திரும்பி வந்தாள். வந்த அன்றே வேம்பில் மகளுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேலியால் எட்டிப் பார்த்ததுதான். விடிய முன்னம் ஒரு வான் வந்து அனுஜாவை ஏற்றிப்போகும். பின்னேரம் கொண்டுவந்து விடும். கார்மென்ட்ஸ் வேலையாக்கும் என்று இமெல்டா முடிவுகட்டியிருந்தாள். கேட்டுப் பார்க்க வாய் துறுதுறுத்தது. அந்த மனுஷி நின்று கதைத்தால்தானே.

"என்னக்கா, தீபாவளியோ, காணி அளக்கிறியளோ?" என்றாள் வேலிக்கு மேலால்.

அனுஜா சிரித்தாள். நீளத் தடியின் நுனியில் கட்டிய ஊதுபத்தியால் திரியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

திரி சீறியது. பிறகு அடங்கிவிட்டது.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூவாணம் அசையவில்லை.

ஜெனிஸ்ரா கயிற்றுக்குக் கீழால் நுழைந்தாள். முகாமில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டி விளையாடிப் பழகியவள். ஒரு செருப்பு கழன்றதையும் பார்க்காமல் ஓடினாள். இமெல்டா மகளைக் கூப்பிட வாயைத் திறக்க முன்னமே அனுஜாவின் குரல் வந்தது.

"நில்லுங்கோ பிள்ளை."

அனுஜா கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மூன்று பிள்ளைகளும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஜெனிஸ்ராவின் நீட்டிய கைக்கும் பூவாணத்துக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

"ஒண்டையும் தொடாதேங்கோ. வந்த காலடியிலையே பின்னுக்கு வாங்கோ."

வந்த காலடியிலா? அந்தப் பயத்துக்குள்ளும் இமெல்டாவுக்கு அது புதினமாகப் பட்டது.

ஜெனிஸ்ரா தன் சின்னக் காலடிகளைக் குனிந்து பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் காலை வைத்துப் பின்னால் வந்தாள். கயிற்றடிக்கு வந்ததும் அனுஜா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அடுத்த நொடி பூவாணம் பொங்கியது. மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக வேலிக்கு மேலே எழும்ப, பிள்ளைகள் கும்மாளம் போட்டார்கள்.

இமெல்டா வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் ஓடிவந்து மகளின் கையைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தாள். ஒரு பொறிகூடப் படவில்லை. மாதாவே என்று அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்த கையோடு கேள்வியும் வந்தது. கேட்காவிட்டால் அவள் இமெல்டாவா?

"ஓடி வா எண்டுதானே ஆக்கள் சொல்லுவினம். ஒரு பூவாணத்துக்கு ஏனக்கா காலடி பாத்து நடக்கவேணும்?"

அனுஜா ஒருகணம் முழித்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வெட்கத்தோடு ஒரு கட்டையைப் பிடுங்கி மணலைத் தட்டினாள்.

"வேலைப் பழக்கம். மிதிவெடி எடுக்கிற இடத்திலை அப்பிடித்தான் சொல்லுறது." பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "உங்கட வேம்படியிலையும் போன வருசம் நான்தான் எடுத்தனான். மூண்டு கிடந்தது."

இமெல்டா திரும்பி, வேம்பில் தான் கட்டிய ஊஞ்சலைப் பார்த்தாள்.

பூவாணம் அணைந்ததும் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் ஞாபகம் வந்துவிட்டது. பொட்டுக்குள்ளால் பாய்ந்து வேம்படிக்கு ஓடினார்கள். மற்றச் செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள் ஜெனிஸ்ரா.

அனுஜா அவளை நிறுத்தவில்லை.