லாசரின் மன்னிப்பு

"தம்பிய மன்னிச்சிட்டேன் சாமி" என்று கோயிலில், பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் லாசர் அழுதான்.

"நல்லதுதான?" என்றார் சூசை சாமியார்.

"நான் எங்க மன்னிச்சேன்? என் படகக் கொளுத்துனவன் அவன். கோவம் வந்ததுமே இது தணிச்சிருதே!" அரசு எல்லோர் மணிக்கட்டிலும் மாட்டியிருந்த அமைதிப்பட்டையைக் காட்டினான்.

சாமியார் சற்று யோசித்தார். "அதக் கழட்டிட்டு அவன் வீட்டுக்குப் போ. போய் மன்னி."

"கழட்டுனா வெட்டிருவேன் சாமி."

"வெட்டவும் முடியணும்ல. அப்பதான் மன்னிச்சது நீ."

லாசர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

கோயிலுக்கு எதிரே இருந்த தம்பி வீட்டுக் கதவை அவன் தட்டுவது கேட்டது. சாமியாருக்கு நெஞ்சு பதறியது. உடனே அவருடைய பட்டை அந்தப் பதற்றத்தைத் தணிக்கத் தொடங்கியது. அவர் அதையும் கழற்றிவிட்டு, நடுங்கியபடியே காத்திருந்தார்.